பெட்டி வாங்குமுன் எடை பாருங்கள்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகும் இளைஞர்களுக்கும், அவர்களை வழியனுப்பும் பெற்றோருக்கும்



தீபாவளி முடிந்து மகன் வேலைக்குத் திரும்பும் காலை நேரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். கெடாவிலுள்ள தோட்டத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் புதிதாக மாட்டிய பெரிய பெட்டி. தன் துணிமணிகளை அடுக்கி அவன் மூடியும் விட்டான். அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வருகிறார். ஒரு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம், ஒரு புட்டி எலுமிச்சை ஊறுகாய், மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, கொல்லையில் விழுந்த தேங்காய் நான்கு. "பெட்டியில்தான் இவ்வளவு இடம் இருக்கிறதே, வைத்துக்கொள் ஐயா" என்கிறார்.

இடம் இருப்பது உண்மைதான். வம்பு தொடங்குவதும் அங்கேதான்.

முன்பெல்லாம் பயணப் பையை இருக்கையின் பின்னால் வைத்து, பழைய டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டுவோம். வழியில் மழை வரும், பை நனைந்து கனக்கும், கட்டு தளரும், பை ஒரு பக்கமாகச் சரியும். பையின் வார் பின் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த அபாயத்துக்குப் பயந்துதான் பலரும் இன்று கெட்டிப் பெட்டிகளை நாடுகிறார்கள். பிளாஸ்டிக்காலோ அலுமினியத்தாலோ செய்து, பூட்டுப் போட்டு, மோட்டாரின் பின்னாலும் இரு பக்கங்களிலும் மாட்டும் பெட்டிகளைத்தான் சொல்கிறோம். மழைக்கும் திருட்டுக்கும் நல்ல காவல். ஆனால், பையைப் போலவே பெட்டிக்கும் தனக்கென்று சில குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

நமக்குப் பெட்டி புதிதல்ல

நம் பாட்டன் பூட்டன்மார் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள். ஆக, பெட்டியைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளும் அப்படியே. 1958இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சின்ன மோட்டாரை வெளியிட்டது. அந்தக் 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லான 'சாய்' சேர்ந்து, நம் நாட்டில் 'கப்சாய்' ஆயிற்று. தோட்டத்து லயத்து வாசல்களில் கப்சாய் நிற்காத வாசல் அரிது.

மோட்டாரையும் பெட்டியையும் சேர்த்து வைத்துப் பேர் பெற்றவர்களில் ஒருவர் இத்தாலியரான ஜூசெப்பே விசென்சி. அவர் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1969ஆம் ஆண்டின் 350 சி.சி. உலகப் போட்டியில் மூன்றாவது இடம் பெற்றவர். பந்தயத்தை விட்ட பின் 1978இல் 'கிவி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நம் சாலைகளில் பல மோட்டார்களின் பின்னால் இருக்கும் பெட்டிகளில் அந்தப் பெயரைக் காணலாம். சிலாங்கூரின் ரவாங்கிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்தில் வேலை செய்து, கப்சாயை அடுத்துப் பெரிய பயண மோட்டார்களை வாங்குகிறார்கள். உயரமான உடல், நீண்ட ஸ்பிரிங், தார்ச்சாலையிலும் செம்மண் பாதையிலும் போகக் கூடிய டயர். இவற்றைச் சாகசப் பயண மோட்டார் என்கிறார்கள். இத்தகைய மோட்டாரை வாங்கிய கையோடு மூன்று பெட்டிகளையும் மாட்டிவிட வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. அந்த ஆசைக்குச் சற்றுக் கடிவாளம் போடத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி எது?

கடைக்குப் போனால் "எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். முப்பது லிட்டர், நாற்பத்தைந்து லிட்டர், ஐம்பதுக்கு மேல் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிதாகப் பார்த்து வாங்குவோம். விலை வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும்.

லிட்டர் என்பது பெட்டிக்குள் எவ்வளவு இடம் என்பதைச் சொல்லும் அளவு. எவ்வளவு கனம் ஏற்றலாம் என்பதை அது சொல்லாது. கனத்தின் வரம்பு வேறோர் இடத்தில், பெரும்பாலும் பெட்டியின் உட்புறத்திலோ கூடவரும் தாளிலோ, சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்தால் பலர் திடுக்கிடுவார்கள். கப்சாய்க்கு மாட்டும் சிறிய வகைப் பின் பெட்டிகள் சிலவற்றில் மூன்று கிலோ என்றுதான் எழுதியிருக்கும். பெரிய வகைகளில் பத்துக் கிலோ வரை இருக்கலாம். பெட்டியை மாட்டும் அடித்தட்டுக்கும் தனி வரம்பு உண்டு. பெட்டி பத்துக் கிலோ தாங்கும், தட்டு ஐந்து கிலோ தாங்கும் என்றால் உங்கள் கணக்கு ஐந்து கிலோதான். எது குறைவோ அதுவே சட்டம்.

இப்போது அம்மா கொண்டுவந்த சாமான்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு டின் பலகாரம், ஊறுகாய், தூள், தேங்காய். எப்படிப் பார்த்தாலும் எட்டு ஒன்பது கிலோவுக்குக் குறையாது. துணிமணி வேறு. பெட்டி தாராளமாக மூடும்; மூடியதாலேயே சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். பயணத்துக்கு எடுத்துப்போகும் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து எடை பாருங்கள். தனித் தராசு வேண்டாம். ஆள் ஏறி நிற்கும் நிறுவையில் முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள். பிறகு சாமானைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சாமானின் எடை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

காண்டாவைக் கேளுங்கள்

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். இந்தப் பாடத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் தோளிலேயே படித்தவர்கள். தோளில் காண்டாக் கம்பு. இரு முனைகளிலும் பால் வாளி. இரண்டு வாளியிலும் பால் சமமாக இருந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்துவிடலாம். ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் பத்தடி நடப்பதற்குள் இடுப்பு நோகும், கால் தடுமாறும். கம்பின் நீளம் கூடினால் வாளிகள் ஊசலாடும். உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஆட்டம் குறையும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். பாரம் இரு பக்கமும் சமமாக, தாழ்வாக, ஓட்டுபவருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பெட்டிகளின் நன்மை தீமைகளை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எடை போட்டுவிடலாம்.

பின் பெட்டியின் குணம்

இருக்கைக்குப் பின்னால் மேலே மாட்டும் பெட்டியைப் பார்ப்போம். திறக்க எளிது; தலைக்கவசத்தை வைத்துப் பூட்டலாம்; விலையும் குறைவு. ஆனால், மூன்று இடங்களில் இதுதான் மிக மோசமான இடம். உயரத்தில் இருக்கிறது; பின் சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது; ஓட்டுபவரிடமிருந்து தூரத்தில் இருக்கிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். கப்சாயின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். அதில் பத்துக் கிலோ வைத்தால், பின் சக்கரத்தில் பன்னிரண்டரைக் கிலோ ஏறும். முன் சக்கரத்திலிருந்து இரண்டரைக் கிலோ குறைந்துவிடும். பிள்ளைகள் ஏறி விளையாடும் ஏற்றப் பலகையைப் போல, பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். பின்னிருக்கையில் ஆளும் இருந்தால் முன் பக்கம் இன்னும் லேசாகும். வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் முன் சக்கரத்தின் வேலை. அது லேசாகிவிட்டால் ஈரச் சாலையில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்னால் கனம் மிகுந்த மோட்டாரில், வேகம் கூடும்போதோ லாரி கடந்து போகும்போதோ கைப்பிடி நடுங்கத் தொடங்கலாம். அப்படி நடுங்கினால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள், கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணெய்ப் பிடியை மெல்ல மெல்லக் குறைத்து, வேகம் தானாகத் தணிந்ததும் ஓரமாக நிறுத்துங்கள். பெட்டியிலுள்ள கனமான சாமானை முன்னுக்கு மாற்றாமல் மறுபடி புறப்படாதீர்கள்.

பின் பெட்டியில் வைக்கத் தக்கவை: மழைச்சட்டை, துண்டு, மாற்று உடை, ரொட்டி, கையுறை. கனமில்லாத சாமான் எல்லாம் அதற்குத்தான்.

பக்கப் பெட்டிகள்

இரு பக்கமும் தொங்கும் பெட்டிகள் தாழ்வாக இருப்பதால் கனத்துக்கு ஏற்றவை. பெரிய மோட்டார்களில் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கிலோ என்பது பரவலாகக் காணும் வரம்பு. ஆனால், இவற்றிலும் இரண்டு சங்கடங்கள் உண்டு.

முதலாவது, புகைபோக்கி. அது ஒரு பக்கமாக இருக்கும் மோட்டார்களில் அந்தப் பக்கத்துப் பெட்டியைச் சிறிதாகச் செய்திருப்பார்கள், அல்லது வெளியே தள்ளி மாட்டுவார்கள். பெட்டிகளின் அளவு வேறுபட்டாலும் எடை ஒன்றாகவே இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் துணி, சிறிய பெட்டியில் கருவிகள் என்று பிரித்தால் சமமாகும். அடுக்கி முடித்ததும் இரண்டையும் நிறுவையில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அகலம். பெரிய அலுமினியப் பெட்டிகள் இரண்டையும் மாட்டினால் பின்பக்கம் கைப்பிடியை விட அகலமாகிவிடக் கூடும். முன்னால் கைப்பிடி நுழைந்த சந்தில் பின்னால் பெட்டி நுழையாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையிலும், சாலைக் கட்டணச் சாவடியின் ஓரத்துக் குறுகலான வழியிலும் போகிறவர்கள் இதை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்குமுன் அளவு நாடாவால் கைப்பிடியின் முழு அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பெட்டிகள் அதற்குள் அடங்கினால் நிம்மதி. அடங்காவிட்டால் கார்களுக்கிடையே புகுந்து போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. போகும் பாதைதான் பதில் சொல்லும்.

நல்ல பிளாஸ்டிக் பெட்டி லேசாக இருக்கும், விலையும் குறைவு. மோட்டார் சாய்ந்து விழுந்தால் வளைந்து பழையபடி நிமிரும். ஆனால், பலமான அடி பட்டால் விரிசல் விடும். பூட்டு நாக்கோ கீலோ உடைந்தால் பட்டறையில் ஒட்டவைப்பது கடினம். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் நிறம் வெளுக்கும், மட்டமான சரக்கு நொறுங்கும்.

அலுமினியப் பெட்டிகளைப் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் செய்கிறார்கள். அடிபட்டால் நெளியும், மரச் சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திவிடலாம். மேலே தட்டையாக இருப்பதால் வழியில் தேநீர் வைத்துக் குடிக்கலாம். குறைகளும் உண்டு. மூலைகள் கூர்மையானவை. வாய் விளிம்பு நெளிந்துவிட்டால் மூடி சரியாகப் பொருந்தாது; மழைத்தண்ணீர் உள்ளே வரும். உட்புறம் வண்ணம் பூசாத அலுமினியமாக இருந்தால் உரசி உரசித் துணியில் சாம்பல் கறை படியும். வெள்ளை வேட்டியை உறையில் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

"தெரிந்த பட்டறையில் இரும்புத் தகட்டில் அடித்துக்கொள்கிறேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே அளவும் கனமும் உள்ள தகடாக இருந்தால் இரும்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. சாமான் வைக்குமுன்பே பெட்டியே வரம்பைத் தின்றுவிடும்.

விலையைப் பொறுத்தவரை, கப்சாய்க்கான நல்ல பின் பெட்டி சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். பெரிய மோட்டாருக்கான அலுமினியப் பெட்டிகள், தாங்கியோடு சேர்த்து, சில ஆயிரம் வெள்ளியைத் தொட்டுவிடும். தார்ச்சாலையிலேயே பயணம் செய்கிறவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

தாங்கிதான் ஆதாரம்

பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. ஓடும் மோட்டாரிலிருந்து பெட்டி கழன்று விழுவதற்கு, தாங்கி முறிவதும் போல்ட்டுகள் தளர்வதும் முக்கியக் காரணங்கள். விழும் பெட்டி பின்னால் வரும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் சக்கரத்தில்தான் போய் விழும்.

உங்கள் மோட்டாரின் மாதிரிக்கென்றே செய்த தாங்கியை வாங்குங்கள். "எல்லா மோட்டாருக்கும் பொருந்தும்" என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. பக்கப் பெட்டித் தாங்கியின் குழாய் பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர் பருமனாக இருக்கும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று இடங்களில் மோட்டாரின் சட்டத்தோடு பிணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இடத் தாங்கியையும் வலத் தாங்கியையும் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பியைச் சிலர் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அதைக் கழற்றக் கூடாது. இரண்டையும் உள்நோக்கி வளையவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

புதிதாக மாட்டிய பின் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் ஒருமுறை. பணம் குறைவாக இருந்தால் தாங்கிக்கு முதலில் செலவழியுங்கள். மீதிக்கு ஏற்ற பெட்டியை வாங்குங்கள்.

மழைக்கு ஒரு சோதனை

நம் நாட்டு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மேலிருந்து பெய்வதோடு, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் கீழிருந்தும் வரும். மூடியின் ரப்பர் விளிம்பு முழுச் சுற்றும் இடைவெளி இல்லாமல் பதிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து மூடி, ரப்பர் குழாயால் எல்லாப் பக்கமும் பத்து நிமிடம் தண்ணீர் பாய்ச்சுங்கள். திறந்தால் தாளில் எங்கே ஈரமோ அங்கேதான் ஓட்டை. ரசீதோடு கடைக்குப் போய்க் காட்டலாம். சோதனையில் தேறிய பெட்டியிலும் துணிகளைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.

பழைய பெட்டி வாங்குவோர் கீல், பூட்டு நாக்கு, அடியிலுள்ள கொக்கி ஆகிய மூன்றையும் பாருங்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி பொருந்துகிறதா, மாற்றுச் சாவி உண்டா என்றும் கேளுங்கள். பூட்டிய பின் கையால் பிடித்து மேலும் கீழும் குலுக்குங்கள். மோட்டாரும் சேர்ந்து ஆட வேண்டும். பெட்டி மட்டும் தனியே ஆடினால் வேண்டாம்.

மூடி திறக்கும் முறையும் இருவகை. மேலே திறப்பது கிணறு போல. அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ளதை எல்லாம் கலைக்க வேண்டும், ஆனால் எதுவும் சரிந்து விழாது. பக்கவாட்டில் பிளந்து திறப்பதில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், ஆனால் திறந்தவுடன் பாதி தரையில் கொட்டும். அடிக்கடி திறக்கிறவர்களுக்கு மேல் திறப்பே வசதி.

செம்மண் பாதையில்

சாகசப் பயணம் போகிற தம்பிமார் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில், மழைக்குப் பின் மோட்டார் வழுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காலைத் தரையில் ஊன்றுகிறோம். மோட்டார் முன்னே நகர, ஊன்றிய கால் பின்னே போகும். அங்கே கெட்டிப் பெட்டி இருந்தால் அதன் முகப்பு பின்னங்காலில் மோதும். கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளவும் கூடும். எலும்பு முறிய அது போதும்.

ஆகவே, காட்டுப் பாதைகளில் அதிகம் போக நினைப்பவர்களுக்குக் கெட்டியான கித்தான் துணியில் செய்த பக்கப் பைகள் மேலானவை. லேசானவை, விழுந்தால் நசுங்கும், காலை முறிக்காது. பூட்டுப் பாதுகாப்பு குறைவுதான். சேற்றுப் பாதை பயணத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் என்றால், இறங்குமுன் கெட்டிப் பெட்டிகளைக் கழற்றித் தங்குமிடத்தில் வைத்துவிட்டுப் போகலாம்.

கணக்குப் போடுவோம்

பெரிய மோட்டார் எவ்வளவும் தாங்கும் என்ற நினைப்பும் தவறு. சாகசப் பயணத்துக்குப் பெயர் பெற்ற பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 2018இல் வெளிவந்த அதன் எடை, எண்ணெய் நிரப்பிய நிலையில், 249 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 465 கிலோ. ஆக, ஏற்றக் கூடியது 216 கிலோ.

ஓட்டுபவர் 75, மனைவி 65, இருவரின் தலைக்கவசம், காலணி, மேல்சட்டை 12. ஆக 152. மீதி 64 கிலோ. மூன்று பெட்டிகளும் தாங்கிகளும் வெறுமையாகவே இருபது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடும். 22 என்று வைத்தால் மீதி 42 கிலோ. எல்லா மோட்டாரிலும் பெரியதென்று நினைக்கும் ஒன்றிலேயே இருவர் போனால் இவ்வளவுதான் மிச்சம். அதிலும் பெட்டிகளின் தனி வரம்பைப் பார்த்தால் இன்னும் குறையும். அப்படியானால் கப்சாயின் நிலை என்ன? உங்கள் மோட்டாரோடு வந்த கையேட்டை எடுத்து, அனுமதித்த எடை என்ன என்று பார்த்து, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுக்கும் முறை

கனமான கருவிகள், தண்ணீர், டின்கள் பக்கப் பெட்டியின் அடியில், மோட்டாரோடு ஒட்டிய பக்கமாக. துணி அவற்றின் மேலே. பின் பெட்டியில் லேசானவை மட்டும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். 1982இல் திறந்த கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான். ஒதுங்க இடம் அரிது. அந்தி சாய்ந்தால் யானைகள் சாலைக்கு வரும். அத்தகைய இடத்தில் நின்று பெட்டியைக் கலைத்து மழைச்சட்டை தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடையாளக் கார்டு, பணம், கைத்தொலைபேசி, அன்றாடம் சாப்பிடும் மருந்து ஆகியவை பெட்டிக்குள் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். வெயிலில் நிற்கும் மூடிய பெட்டிக்குள் மருந்து கெட்டுவிடும். பெட்ரோல் டின்னை எக்காரணம் கொண்டும் பூட்டிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் ஆவி கிளம்பி உள்ளே நிறைந்து நிற்கும். ஒரு பொறி போதும்.

பின்னால் உட்காருபவர் பின் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கனம் கொடுக்கக் கூடாது. அது சாய்வு நாற்காலியன்று; அவர் சாயும் கனமும் அந்தத் தட்டில்தான் ஏறும். பிள்ளைகளைப் பெட்டியின் மேல் உட்கார வைப்பதை நினைக்கவே வேண்டாம்.

புறப்படுமுன்

பாரம் ஏற்றிய மோட்டாருக்குக் கையேட்டில் சொன்னபடி பின் டயரில் காற்றைக் கூட்டுங்கள். ஸ்பிரிங்கை இறுக்கும் வசதி இருந்தால் ஓரிரு படி இறுக்குங்கள். பின்னால் அமுங்கினால் முன் விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். பின் விளக்கு, திரும்பும் விளக்கு, எண் பலகை ஆகியவற்றைப் பெட்டி மறைக்கிறதா என்று பத்தடி பின்னே நின்று பாருங்கள்.

பிறகு, தோட்டச் சாலையிலேயே ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வளைவில் எப்படிச் சாய்கிறது என்று கை பழக வேண்டும். பெட்டியோடு போகும்போது பலவற்றில் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். நம் நெடுஞ்சாலை வரம்பே 110தான். பாரத்தோடு போகிறவர் அதற்கும் நன்றாகக் கீழேயே போவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே! பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் பலகாரத்தில் உங்கள் அன்பு இருக்கிறது, எடையும் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். அடுத்த முறை மகன் புறப்படும்போது, "இடம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இன்னும் எத்தனை கிலோ வைக்கலாம், ஐயா?" என்று கேளுங்கள். இரண்டு கிலோ என்றால் முறுக்கும் ஊறுகாயும் போகட்டும். தேங்காயும் மிளகாய்த்தூளும் அஞ்சலிலோ பேருந்திலோ வரும் உறவினர் கையிலோ பின்னால் போய்ச் சேரும். தேங்காய் ஜொகூரிலும் கிடைக்கும்.

தம்பிமார்களே! அம்மாவின் கையிலிருந்து டின்னை வாங்காமல் வருவது கடினம்தான். ஆகவே, வீட்டுக்கு வரும்போதே பெட்டியில் இரண்டு மூன்று கிலோவுக்கு வரம்பை மிச்சம் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த இடம் அம்மாவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மூடி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, மெல்லப் புறப்படுங்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட மறக்காதீர்கள். லயத்து வாசலில் ஒருவர் அதுவரை தூங்காமல் இருப்பார்.